பாண்டி அண்ணையின் இடப்பக்கம்

என் புருஷனை வேறொரு பெண் எடுத்துக்கொண்டு போயிருந்தால், பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன். எடுத்தது ஒரு கிழவர். நரைத்த முடி காதை மூட, பாரின் ஒரு மூலையில், பச்சை நிறத்தில் எதையோ கிளாசில் வைத்துக்கொண்டு பின்னேரம் முழுக்க நிற்கிற கிழவர். இதை யாரிடம் போய் முறையிடுவது? சொன்னால் சிரிப்பார்கள்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பாண்டிச்சேரி ஆள் என்பதால் பாண்டி அண்ணை. பிரெஞ்சுத் தபால் கந்தோரில் கடிதம் பிரித்துப் பென்ஷன் எடுத்தவர் என்று சொன்னார்கள். அதற்கு மேல் அவரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை, அதுதான் காரணம். எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்லத்தான் அவரிடம் போனார்கள்.

நான் சாறிக்கடை மேல்மாடியில் சாறிக்குச் சட்டை தைக்கிறவள். என் மெஷின் ஜன்னலோரம். நேரெதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், அந்த பார். முதலாளி அல்ஜீரியாக்காரர், வாடிக்கை முக்கால்வாசியும் எங்கள் ஆட்கள். ரெஸ்ரோரண்ட் வேலை முடிந்தவர்கள், வேலை தேடுகிறவர்கள், விசா வழக்குக்கு லோயரைப் பார்க்க வந்தவர்கள், ஒன்றுமில்லாமல் வந்தவர்கள். கோப்பி மெஷின் சீறும், டிவியில் குதிரை ஓடும், லொத்தர் துண்டைச் சில்லறையால் சுரண்டிக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் கதிரை இருக்க, இங்கே வந்து கால் கடுக்க நிற்பதில் என்ன சுகமோ. பெண்கள் அங்கே போவதில்லை. போகக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஒட்டவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

என் கணவருக்கு ஒரு ரெஸ்ரோரண்டில் பாத்திரம் கழுவுகிற வேலை. அவருக்கு நாலு மணிக்கு முடியும், எனக்கு ஏழு மணிக்கு. பிறகு இருவரும் சேர்ந்து, புறநகரில் லெ பிளாங்-மெனிலில் இருந்த வீட்டுக்கு ரயில் எடுப்போம். இடையில் இருந்த நேரம் முழுவதும் பாண்டி அண்ணைக்கு. "உம்மைப் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்" என்பார் கணவர். பார்த்துக்கொண்டு இருந்தது நான். அவர் என் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நின்றார்.

முதுகுக்கு அளவெடுத்துச் சீவிக்கிறவள் நான். முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். வீட்டில் இவருடைய முதுகு ஒரு பலகை. சோறு போடும், ரயில் பிந்தும், கரண்ட் பில் வந்ததோ. அவ்வளவுதான் அந்த வாயிலிருந்து வரும். பாரிலே அதே முதுகு ஆடியது. தோள் ஏறி இறங்கியது. கை இரண்டும் காற்றில் எதையோ வரைந்து காட்டியது. இத்தனை சொல் இந்த மனிதனுக்குள் எங்கே கிடந்தது? எனக்கு ஏன் அதில் ஒரு கரண்டிகூடக் கிடைக்கவில்லை?

பாண்டி அண்ணை கேட்கிற விதமே தனி. ஒருவர் வாயைத் திறந்தால் போதும், பச்சைக் கிளாசை ஒதுக்கி வைப்பார். இடது கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், முடியை ஒதுக்குகிற மாதிரி மெல்லத் தடவுவார். பிறகு அந்த ஆளின் பக்கம் முழுதாகத் திரும்புவார். திரும்பினால் திரும்பியதுதான். வாசலால் யார் வந்தாலும் போனாலும் அவருக்கு இல்லை. ஆள் கதையை நிறுத்தினால் அவரிடமிருந்து ஒரே ஒரு சொல் வரும். "அப்புறம்?"

அவருக்கு இடப்பக்கம்தான் நிற்கவேண்டும். வலப்பக்கம் நின்று கதைத்தாலும் சிரிப்பார், தலையாட்டுவார், ஆனால் அந்த "அப்புறம்?" வராது. ஏனென்று யாரும் யோசித்ததில்லை. சாமியை வலமாகத்தான் சுற்றவேண்டும் என்பதுபோல, இது அந்த இடத்து முறை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த இடப்பக்கத்துக்கு என்ன போட்டி! ஊரில் அடுத்தடுத்த வளவுக்காரர் இரண்டு பேர், வேலிச் சண்டையைப் பாரிஸ் வரைக்கும் காவிக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் உள்ளே நின்று கதைத்து முடியும்வரை மற்றவர் வாசலில், சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல்களை வாசிப்பதுபோல் காவல் நிற்பார். முன்னவர் வெளியே வர, இவர் உள்ளே போய் அதே இடத்தில் நின்று அதே வேலியைப் பற்றிச் சொல்வார். அண்ணை இரண்டையும் கேட்டார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒருநாளும் போகவில்லை.

"எங்கட ஆக்களிட்டைச் சொன்னால் விடியமுதல் கனடாவுக்குப் போயிடும்" என்று என் கணவர் ஒருநாள் அவருக்காக வக்காலத்து வாங்கினார். "அந்த மனுசனுக்கு எங்கட ஊர் தெரியாது, எங்கட சனம் தெரியாது, ஆர் எந்தப் பக்கம் எண்டும் தெரியாது. அவரிட்டைச் சொல்லுறது கிணத்துக்கை கல்லுப் போட்ட மாதிரி."

"அப்ப நான் கிணறில்லையோ?"

"நீர் கேள்வி கேப்பீர்."

அது உண்மைதான். ஒரு சொல் கிடைத்தால் நான் அதற்கு மூன்று கேள்வி தைப்பேன். ஆனால் சொல்லாத மனிதனிடம் கேட்காமல் வேறு என்ன செய்வது?

இரண்டாயிரத்து ஒன்பதில் நடந்ததைச் சொல்லவேண்டும். இவருடைய தம்பி, கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தான். எப்போதாவது யாருடையதோ ஒரு போனிலிருந்து எடுப்பான். பிறகு அதுவும் நின்றது. வைகாசி வந்தது, போனது. ஒரு செய்தியும் வரவில்லை. வராததுதான் செய்தி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் "சாப்பாட்டைப் போடும்" என்றார். சாப்பிட்டார். கையைக் கழுவினார். "தம்பியைப் பற்றி ஏதும்..." என்று தொடங்கினேன். "இல்லை" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இந்த மனிதனுக்கு என்ன நடக்கப்போகிறதோ என்று பயந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் ஜன்னலால் பார்க்கிறேன், அந்த முதுகு குலுங்குகிறது. அண்ணையின் இடப்பக்கத்தில் நின்றுகொண்டு, கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, என் புருஷன் அழுகிறார். பாண்டி அண்ணை அவருடைய தோளில் கைகூட வைக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார். முதலாளி குதிரை ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்திவிட்டுப் போனார். என் காலடியில் மெஷின் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. யாருடையதோ கல்யாணச் சட்டைக்கு, தைத்த தையலின் மேலேயே திருப்பித் திருப்பித் தைத்திருந்தேன்.

தம்பிக்காக நானும் அழுதேன்தான். ஆனால் அன்று என் நெஞ்சில் ஏறியது அந்தத் துக்கம் இல்லை. பொறாமை. சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என்னிடம் அழவேண்டிய அழுகையை அந்த மனிதன் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து, அயலவளைப் போலப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே சந்தேகம். ரயிலில் பக்கத்தில் இருந்தால் இவருடைய வாயில் புதினா மணந்தது. தினமும் மணந்தது. குடித்துவிட்டு மணம் தெரியாமல் இருக்க எதையோ மென்றுவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் ஏலக்காய் மெல்லுவார்கள், வெற்றிலை போடுவார்கள். இவர் பிரான்சுக்கு வந்து புதினாவுக்கு மாறிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எண்ணிக்கொண்டேன்.

"வாயைத் திறவுங்கோ பாப்பம்."

"நான் குடிக்கேல்லை."

"குடிக்காத ஆளுக்கு என்னத்துக்குப் புதினா?"

சனம் பார்க்கிறது என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொன்றையும் நான் கவனித்திருந்தேன். வீட்டில் கதைக்கிற கொஞ்சத்திலும் இவருடைய வாயில் "அப்புறம்" வரத் தொடங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் யார் அப்புறம் என்கிறார்கள்? பிறகு என்றுதானே சொல்வோம். கழுத்துப்பட்டியில் யாருடையதோ தலைமயிரைக் கண்ட பெண்சாதி எப்படி இருப்பாளோ, அப்படி இருந்தேன் அந்த ஒரு சொல்லோடு.

ஒருநாள் இவருக்கு வேலையில் ஓவர்டைம். அண்ணை அங்கே தனியே நின்றார். என் கால் என்னைக் கேட்காமலே படி இறங்கியது. தெருவைக் கடந்து, பாரின் கதவைத் தள்ளி உள்ளே போனேன். உள்ளே நின்ற எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரேயடியாக டிவியைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாண்டி அண்ணை மட்டும் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, கஃபேக்கு அளவெடுக்க வந்தீங்களா?" என்றார்.

அப்போதுதான் கண்டேன், அளவெடுக்கிற நாடா என் கழுத்தில் தொங்கிக்கொண்டே வந்திருந்தது. எங்களுக்கு அது பார், அவருக்குக் கஃபே. நான் நாடாவைக் கழற்றிக் கைக்குள் சுருட்டிக்கொண்டு சண்டையைத் தொடங்கினேன்.

"அண்ணை, எங்கட மனுசனுக்கு ஏன் நீங்கள் ஒவ்வொருநாளும் வாங்கிக் குடுக்கிறியள்?"

"நான் என்னம்மா வாங்கிக் குடுத்தேன்?"

"பியர்."

அவர் சிரிக்கவில்லை. தன் கிளாசை என் பக்கம் மெல்லத் தள்ளினார். "அவரு குடிக்கிறது இதுதாம்மா. புதினா சிரப்பு, தண்ணி. நான் பியர் தொடறதில்ல. அவரும் எனக்காகத் தொடறதில்ல."

கிளாசிலிருந்து மணம் வந்தது. ரயிலில் நான் சண்டை பிடித்த அதே மணம். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். புருஷன் குடிகாரன் இல்லை என்று தெரிந்தால் ஊரில் தேங்காய் உடைப்பார்கள். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. குடிக்கப் போனார் என்றால் மன்னித்திருப்பேன். குடி ஒரு வருத்தம், ஒரு நோய், உலகத்திலே எத்தனை பேருக்கு இருக்கிறது. இவர் கதைக்கப் போயிருக்கிறார். சும்மா பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கதைக்க.

"அப்ப என்னத்தை உங்களிட்டைச் சொல்லுறவர்?"

"அது அவரு விஷயம்மா. அத நான் சொல்லக் கூடாது." கிளாசை ஒதுக்கினார். கை காதுக்குப் பின்னால் போனது. முழுதாக என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

நான் நின்றது அவருடைய இடப்பக்கம்.

திட்டுவதற்குத்தான் தொடங்கினேன். நீங்கள் எடுத்துவைத்திருப்பது என்னுடைய சாமான் அண்ணை, என்றேன். எனக்கு வரவேண்டிய கதை, எனக்கு வரவேண்டிய கண்ணீர். "அப்புறம்?" என்றார். அந்த வைகாசியில் நான் ஜன்னலால் பார்த்ததைச் சொன்னேன். "அப்புறம்?" நான் பிரான்சுக்கு வந்த வருடம், மூன்றாம் மாதத்தில் கலைந்துபோன பிள்ளையைச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இவர் டிவியைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் இருந்தார். நான் மரக்கறி வெட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லை. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்குக்கூட. முன்பின் தெரியாத ஒரு பாண்டிச்சேரிக் கிழவருக்கு, லொத்தர் சுரண்டுகிற சத்தத்துக்கு நடுவில் நின்று சொன்னேன். முதலாளி கேட்காமலே கொண்டுவந்து வைத்த கோப்பி ஆறிப்போனது.

திரும்பிப் படி ஏறும்போது உடம்பு லேசாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். இவருக்கு ஓவர்டைம் வருகிற நாட்களில் ஒரு கோப்பி குடிக்கிற சாக்கில் இறங்கிவிடுவேன். "சட்டை தைக்கிற பிள்ளை பாருக்குப் போகுதெண்டு சனம் கதைக்குது" என்று கடைக்கார அக்கா காதில் போட்டார். "கோப்பிக்குத்தான் அக்கா" என்றேன். ஒருநாள் போனால் யாரோ ஒரு மீசைக்காரர் அண்ணையின் இடப்பக்கத்தில் நின்று, தன் கார் இன்சூரன்ஸ் கதையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கார் இன்சூரன்சைச் சொல்லவா அந்த இடம்? அதையும் அந்த மனிதன் அதே முகத்தோடு, அதே "அப்புறம்?" போட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். என் பிள்ளையைக் கேட்ட முகம்தான். எனக்கென்று அவர் தனியாக ஒரு முகமும் வைத்திருக்கவில்லை.

பிடிபட்டது ஒரு பின்னேரம். ஓவர்டைம் என்று போன கணவர், வேலை நேரத்துக்கு முடிந்ததால் என்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்திருக்கிறார். மேலே ஏறிப் பார்த்தால் மெஷின் தனியே கிடக்கிறது. கடைக்கார அக்கா ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைக் காட்டியிருக்கிறார். என் கதிரையில் இருந்துகொண்டு, என் ஜன்னலால், அவர் என் முதுகைப் பார்த்திருக்கிறார்.

ரயிலில் ஏறி இருந்தோம். பிறகு கேட்டார்.

"என்ன கதைச்சனீர்?"

"அது என்ரை விஷயம்."

"இடப்பக்கம் நிண்டனீர்."

"இடம் இருந்தது, நிண்டன்."

"கையை ஆட்டி ஆட்டிக் கதைச்சனீர். வீட்டிலை நீர் ஒருநாளும் அப்பிடிக் கதைக்கிறேல்லை."

கடவுளே, அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த இன்பம்! நான் வருடக்கணக்காகத் தின்றதை அவரும் ஒரு வாய் தின்னட்டும் என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். பாண்டி அண்ணையை யார் கூடுதலாக வைத்திருக்கிறோம் என்பதுதான் பேசாமலே நடந்த சண்டை.

இப்படியே போயிருக்கும். ஓல்னே-சூ-புவா என்ற புறநகரிலிருந்து ஒரு அக்கா வந்திருக்காவிட்டால்.

பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஜாக்கெட் தைக்கவேண்டும் என்று வந்தார். நாங்கள் சட்டை என்பதை இந்தியாக்காரர் ஜாக்கெட் என்பார்கள். வாட்டசாட்டமான பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. நான் தோள் அளவெடுக்கும்போது ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"அதான அந்தக் கஃபே?"

"எந்தக் கஃபே அக்கா?"

"எங்க வீட்டுக்காரரு குடியிருக்கிற கஃபே. பச்சையா ஒண்ண வச்சிக்கிட்டு மூலையில நிப்பாரே, பாத்ததில்ல?"

நாடா என் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தேன்.

"அப்படி என்னதான் பேசுவாங்களோ" என்றார். "காலைல எந்திரிச்சா எப்படா அங்க போவோம்னு இருப்பாரு. அங்க ஒரு சிலோன் பொம்பளயும் வந்து நிக்கிறாளாம், இவரு அவளயே பாத்துக்கிட்டு நிக்கிறாராம். மார்ஷேல காய்கறி வாங்கறப்ப ஒருத்தி சொன்னா. நீ எதிர்லயே இருக்க. உனக்குத் தெரியுமாம்மா, யாரு அவ?"

என் நாடா அப்போது அவருடைய இடது புயத்தைச் சுற்றியிருந்தது.

"கையைக் கொஞ்சம் தூக்குங்கோ அக்கா" என்றேன்.

தூக்கினார். அளவு என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. "சந்தேகம்னு இல்லம்மா. இந்த வயசுல என்ன சந்தேகம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அவருக்கு வலது காது சுத்தமா போச்சு. இடது காதுல மெஷினு. பொடிசு, முடிக்குள்ள தெரியாது. வீட்டுக்குள்ள நொழஞ்ச உடனே அதக் கழட்டி அலமாரில ஒரு கிண்ணத்துல போட்டுடுவாரு. மறுநாள் கஃபேக்குக் கெளம்பறப்பதான் எடுத்து மாட்டுவாரு. ஏங்க, நான் பேசறதக் கேக்க வேணாமான்னா, 'காதுக்கு ரெஸ்ட் வேணும்'ங்கிறாரு."

நான் நாடாவை மற்றக் கைக்குக் கொண்டுபோனேன்.

"எனக்குப் பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேப்பேன். 'ஆங்' அப்படிம்பாரு. மக போன் பண்ணா, என்ன சொன்னான்னு சொல்லுவேன். 'ஆங்.' ஊரே வந்து அந்தக் காதுல கொட்டிட்டுப் போகுது. வீட்டுக்கு வர்றப்ப அதுல இடமில்ல."

அந்த அக்கா போனபின், ஒரு சட்டையும் ஓடவில்லை எனக்கு. எதிரே அண்ணை நின்றார். யாரோ இடப்பக்கம் வந்து நின்றார்கள். கை காதுக்குப் பின்னால் போனது. முடியை ஒதுக்குகிறார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேனே, மெஷினின் சத்தத்தைக் கூட்டியிருக்கிறார். எங்களுக்காகக் கூட்டினார், அவளுக்காகக் கழற்றினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எரிகிறவள் நான் ஒருத்திதான் என்று இருந்தேன். ஓல்னேயில் ஒருத்தி நின்றிருக்கிறாள். அவளுக்கு நான்தான் அந்தச் சிலோன் பொம்பிளை.

இறங்கிப் போனேன். இடப்பக்கத்தில் நின்றவரை "அண்ணை, கொஞ்சம் தள்ளுங்கோ" என்றேன். அவர் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு நகர்ந்தார். பாண்டி அண்ணை கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சிரித்தபடி திரும்பினார்.

"இண்டைக்கு நான் என்ரை கதை சொல்ல வரேல்லை, அண்ணை. உங்கட வீட்டு அக்கா சட்டை தைக்க வந்தவா. அந்த மெஷினை வீட்டிலையும் காதிலை போடுங்கோ."

கை அப்படியே நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் நிறுத்தும்போது வருமே அந்த ஒரு சொல், அன்று வரவில்லை. பச்சைக் கிளாசை எடுத்தார். மிச்சத்தைக் குடித்தார். முதலாளிக்குக் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த அக்காவில் இரங்கித்தான் இதைச் செய்தேன் என்று யாரும் என்னை மெச்சவேண்டாம். இரக்கம் ஒரு கால் பங்கு இருக்கலாம். மிச்சம் முழுவதும், எனக்கென்று தனி முகம் வைத்திராத அந்த மனிதனில் எனக்கிருந்த எரிச்சல். எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்தக் காதை ஒருத்திக்கு என்று ஆக்கிவிட்டால் என் புருஷன் வேறெங்கே போவார் என்றும் ஒரு கணக்கு.

பாண்டி அண்ணை பிறகு அந்த பாருக்கு வரவேயில்லை. முதல் வாரம் எங்கள் ஆட்கள் காய்ச்சல் என்றார்கள். பிறகு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். தேடிப் போவதற்கு அவர்களுக்குப் பெயர் தெரியாது, விலாசம் தெரியாது. அவருடைய மூலையில் கொஞ்சநாள் யாரும் நிற்கவில்லை. வேலிச் சண்டைக்காரர் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நடுவில் ஆள் இல்லாமல் அந்தரித்து நின்றார்கள். அந்த பாரும் ஒரு வருடத்துக்குள் கைமாறி, இப்போது அங்கே போன் விற்கிறார்கள்.

என் கணவருக்குப் போக இடமில்லை. நாலு மணிக்கு மேலே ஏறி வந்து, என் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். என் ஜன்னலால் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஓம், இல்லை, தெரியாது. அண்ணை போனதற்கு நான்தான் காரணம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதைக் கேட்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்கவில்லை.

ஒருநாள் ஒரு கல்யாணச் சட்டைக்கு லைனிங் பிடித்துக்கொண்டிருந்தேன். வாய் நிறையக் குண்டூசி. உதட்டுக்குள் வரிசையாகக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டிருந்தேன்.

"தம்பி எடுத்தவன்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா. நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டனான். போன் பொக்கெற்றுக்குள்ளை அடிச்சுது. கை முழுக்கச் சவுக்காரம். துடைச்சுப்போட்டு எடுப்பம் எண்டு துவாயைத் தேடினன். துடைச்சு முடிய நிண்டிட்டுது. திருப்பி எடுத்தால் லைன் போகேல்லை."

கேள்வி பத்து என் தொண்டைக்குள் வந்து நின்றது. எப்ப? எந்த நாள்? ஏன் எனக்குச் சொல்லவில்லை? வாயைத் திறந்தால் ஊசி விழும், விழுங்கவும் கூடும். ஒன்றும் கேட்க முடியாமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். அந்தத் துவாய் என்ன நிறம் என்றுகூடச் சொன்னார். சொல்லி முடித்து, என் பக்கம் திரும்பி, "நீர் கலைஞ்ச பிள்ளையைப் பற்றித்தானே அவரிட்டைச் சொன்னனீர்?" என்றார். நான் ஊசிகளோடு தலையாட்டினேன். அவர் கையை நீட்ட, ஒவ்வொன்றாக அந்தக் கையில் எடுத்து வைத்தேன்.

கிடைத்தது. பல வருடம் காத்திருந்தது எனக்குக் கிடைத்தது. ஆனால் என் புத்தி என்ன புத்தியோ, அன்றிரவு படுக்கையில் அது வேறு கணக்குப் போட்டது. எனக்கு ஒருதரம் சொன்னதை அவரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார்? எனக்குச் சொல்லாத இன்னும் எத்தனை அந்த மனிதனோடு ஓல்னேக்குப் போய்விட்டது?

போன மாதம் அந்த அக்கா இன்னொரு ஜாக்கெட்டோடு வந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். முகத்திலே ஒரு வெளிச்சம்.

"இப்பல்லாம் வெளியவே போறதில்லம்மா அவரு" என்றார். "ராத்திரி தூங்கறப்பகூட அந்த மெஷினக் கழட்ட மாட்டேங்குறாரு. நான் ஒண்ணு சொன்னா, 'அப்புறம்?'ங்கிறாரு. பேசிப் பேசி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு, போ."

சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல செய்தி அக்கா, என்றேன். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் ஒழுங்காக அளவெடுத்து எழுதிக்கொண்டேன்.

தைக்கும்போது இடது கையை மட்டும் ஒரு நூல் இறுக்கித் தைத்தேன்.